பேரையூர்த் தம்பிக்கு: "சுத்திலும் மணல்தானாமே?"

தம்பி, ஐக்கிய அரபு அமீரகத்தில் அல் அய்ன் பக்கம் ஒரு தோட்டத்தில் வேலை வந்திருக்கிறது, சம்பளம் கட்டுபடியாகுமா, அரபி தெரியாமல் சமாளிக்க முடியுமா, "சுத்திலும் மணல்தானாமே, பாம்பு தேள் தவிர ஒண்ணும் இருக்காதாமே" என்று கேட்டிருக்கிறீர்கள். சம்பளத்துக்குப் பதில் உங்கள் ஒப்பந்தத்தில் இருக்கிறது. அரபி தானாக வந்துவிடும். அதுவரை இந்தியை வைத்து ஓட்டலாம், மலையாளம் தெரிந்தால் இன்னும் நல்லது. கடைசிக் கேள்விதான் என்னை உட்காரவைத்து எழுதச் சொல்கிறது.

மணல்தான் என்று உங்களுக்குச் சொன்னவர் துபாயில் ஏசி அறையில் இருப்பவராகத்தான் இருக்க வேண்டும். வருஷத்துக்கு ஒரு தடவை சஃபாரி வண்டியில் ஏறி, மணல்மேட்டில் குதித்து, போட்டோ போட்டுவிட்டுப் போகிற கூட்டம். சக்கரத்துக்கு அடியில் எத்தனை வளை மூடுகிறது, எத்தனை செடி நசுங்குகிறது என்று குனிந்து பார்த்திருக்க மாட்டார்கள். அவர்களிடம் பாலைவனத்தைப் பற்றிக் கேட்காதீர்கள்.

நானும் திருமங்கலத்துக்காரன், கரிசக்காட்டில் வளர்ந்தவன். மதுரையில் ஒரு ஏஜென்ட் "தோட்ட வேலை, ஏசி ரூம், மூணு வேளை சாப்பாடு" என்று அனுப்பிவைத்தார். போய் இறங்கினால் ஒட்டகப் பண்ணை. தகரக் கொட்டகை, ஒரு தண்ணீர் டேங்க், பேச்சுத்துணைக்கு ஒரு சூடான்காரப் பெரியவர். அவ்வளவுதான். அந்த ஏஜென்டை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. ஆனால் அந்தப் பெரியவர் வாய்த்தாரே, அது என் அதிர்ஷ்டம்.

கொட்டகைக்கு எதிரே ஒரு மரம் நின்றது. காஃப் என்றார் பெரியவர். பக்கத்தில் போய் இலையையும் முள்ளையும் பார்த்தால் நம் கோயில்களில் சுற்றிவந்து கும்பிடுகிற வன்னி! அங்கே அதுதான் தேசிய மரம். வேர் 30 மீட்டர் ஆழம் வரை போகும் என்கிறார்கள், அதனால்தான் மழை பார்க்காமலே பச்சையாக நிற்கிறது. அதன் அடிப்பக்கம் மட்டும் கத்தரித்துவிட்ட மாதிரி ஒரே மட்டமாக இருக்கும். ஒட்டகம் கழுத்தை நீட்டி எட்டுகிற உயரம் வரை தின்றுவிடும். அதற்கு மேலேதான் கிளை விரியும். அதன் நிழலில் ஒட்டகமும் படுக்கும், மனிதனும் படுப்பான். அதை வெட்டக் கூடாது, விறகுக்கு ஒடிக்கவும் கூடாது. நம் சீமைக் கருவேலமும் அங்கே உண்டு. பசுமை வரட்டும் என்று கொண்டுபோய் நட்டார்கள், இப்போது அங்கேயும் தலைவலி. நம்மூரில் அதை அகற்றச் சொல்லி மதுரை உயர்நீதிமன்றக் கிளை வரைக்கும் போனோமே, அதே கதை. கரிமூட்டம் போடத்தான் அங்கே ஆளில்லை.

எருக்கு இருக்கும். இலந்தைக்குச் சொந்தமான சித்ர் இருக்கும், பழம் தின்னலாம். தரையில் கொடி ஓடி, குட்டித் தர்பூசணி போலக் காய் உருண்டு கிடந்தால் வாயில் வைத்துவிடாதீர்கள், அது நம் பேய்க்குமட்டி. புதிதாக வந்த ஒரு பையன் தாகத்தில் கடித்துவிட்டு இரண்டு நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தான்.

சரி, பாம்புக்கு வருவோம். உண்டு. சுருட்டை விரியன் நம்மூரிலும் உண்டு, அங்கேயும் உண்டு. உடம்பைச் சுருட்டி உரசி ரம்பம் அறுக்கிற மாதிரிச் சத்தம் கொடுக்கும். கொம்பு விரியன் என்று ஒன்று மணலுக்குள் புதைந்து, கண்ணை மட்டும் வெளியே வைத்துக் காத்திருக்கும். சூடான் பெரியவர் விடிந்ததும் முதல் வேலையாகக் கொட்டகையைச் சுற்றி நடப்பார். ராத்திரி வந்துபோனவர்கள் எல்லாரும் மணலில் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். சாய்வாக, ஒன்றோடொன்று ஒட்டாத கோடுகள் தெரிந்தால் அது கொம்பு விரியன் போன தடம். கோடு எந்தப் புதரில் முடிகிறதோ, அந்தப் பக்கம் அன்றைக்கு யாரும் போக மாட்டோம். நீங்களும் செருப்பு இல்லாமல் நடக்காதீர்கள், ராத்திரி டார்ச் இல்லாமல் வெளியே போகாதீர்கள், ஷூவை உதறிவிட்டு மாட்டுங்கள். தேள் அதற்குள்தான் படுத்திருக்கும்.

முள்வால் ஓணான் என்று அங்கே ஒரு பிராணி உண்டு, அரபியில் "தப்" என்பார்கள். பார்க்க உடும்பு மாதிரி இருக்கும், ஆனால் செடி தின்கிற சாது. நம்ம பக்கத்து ஆட்கள் சிலருக்குப் பார்த்ததும் நாக்கு ஊறும். காட்டு ஜீவன்களைப் பிடிப்பது அங்கே குற்றம். வேலையும் போகும், ஜெயிலும் கிடைக்கும். இந்த விஷயத்தில் அவர்கள் கறாராக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. வெள்ளை நிற அரேபிய ஓரிக்ஸ் மான் வேட்டையாடியே 1972-ல் காட்டில் அற்றுப்போனது. மிருகக்காட்சிசாலைகளில் மிஞ்சியதைப் பெருக்கி 1982-ல் ஓமனில் மறுபடி விட்டார்கள்.

ஒட்டகம் எதுவும் அநாதை கிடையாது, ஒவ்வொன்றுக்கும் சூட்டுக்குறியும் சொந்தக்காரரும் உண்டு. குளிர்காலத்தில் ஆண் ஒட்டகத்துக்கு மதம் ஏறும். வாயோரத்தில் சிவப்பாக ஒரு பை பிதுங்கித் தொங்கும், கொடகொடவென்று சத்தம் வரும், நுரை தள்ளும். அப்போது எதிரே நிற்காதீர்கள், கடித்துத் தூக்கி அடித்துவிடும்.

வெயில்தான் எல்லாவற்றையும்விடப் பெரிய எதிரி. கோடையில் 45 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30-லிருந்து 3 மணி வரை வெட்டவெளியில் வேலை வாங்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. மேஸ்திரி எவனாவது "அஞ்சு நிமிஷ வேலைதான்" என்றால் சட்டத்தைச் சொல்லுங்கள். பக்கத்தில் இருப்பவனுக்கு உடம்பு கொதித்து, பேச்சு உளறலாகிவிட்டால் நிழலுக்கு இழுத்து, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி, 998-க்குப் போன் போடுங்கள். அந்த ஊர்ப் பிராணிகளைப் பாருங்கள்: நடுப்பகலில் ஒன்றுகூட வெளியே தலை காட்டாது. குளிர்காலத்தில் ராத்திரி பல்லைக் கிட்டும், பெட்டியில் நல்ல கம்பளி வையுங்கள். மழை வந்தால் வாதியில், அதாவது காய்ந்த ஓடையில், நிற்காதீர்கள். 2024 ஏப்ரலில் அல் அய்ன் பக்கம் கதம் அல் ஷக்லாவில் ஒரு நாளைக்குள் 254 மில்லிமீட்டர் கொட்டியது.

அப்புறம் மனுஷர்கள். என் முதலாளி பதூக்களின், அதாவது பாலைவன நாடோடிகளின், வழிவந்த கிழவர். மாலையில் வந்து மணலிலேயே உட்காருவார், பேரீச்சம்பழமும் சின்னக் கிண்ணத்தில் கஹ்வா என்கிற அரபிக் காப்பியும் வரும். வலது கையால் வாங்க வேண்டும். போதுமென்றால் கிண்ணத்தை லேசாக ஆட்டிக் கொடுக்க வேண்டும், ஆட்டாவிட்டால் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். எனக்கு அது தெரியாமல் முதல் நாள் தூக்கமே போனது.

பிறகு அவரே என்னைப் பேரீச்சந்தோட்டத்துக்கு மாற்றினார். பனை மாதிரியே ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. மாசி, பங்குனி வாக்கில் இடுப்பில் கயிறு கட்டி ஏறி, ஆண் பாளையின் பூவைப் பெண் பாளைக்குள் செருகிக் கட்டுவோம். ஃபலஜ் என்கிற பழைய வாய்க்காலில் தண்ணீர் முறைவைத்து வரும். நம் கண்மாய்க்கு நீர்ப்பாய்ச்சி என்றொருவர் இருப்பது போல அங்கேயும் முறை பார்க்க ஓர் ஆள் உண்டு. மடை திறந்து பாத்தி கட்டிப் பழகிய கை எனக்கு. அந்த வேலையில் என்னை மிஞ்ச அங்கே ஆளில்லை என்று கிழவரே சொன்னார்.

விசிட் விசாவில் வா, போனதும் மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள். சித்திரைத் திருவிழா முடிகிறவரை நான் ஊரில்தான் இருப்பேன். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒப்பந்த நகலை எடுத்துக்கொண்டு திருமங்கலம் வாருங்கள். அரபிப் பக்கத்தையும் சேர்த்துக் கொண்டுவாருங்கள், "தோட்டம்" என்றுதான் எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிடலாம்.