பாஸும் பங்குக் கிணறும்

அன்புள்ள ஐயா,
யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இறுதி வருடம் படிக்கிறேன். கொரோனாக் காலத்தில் மக்கள் சுகாதார விதிகளைக் கடைப்பிடித்ததற்கும் அவர்களின் கல்வித் தரத்துக்கும் என்ன தொடர்பு என்பதுதான் என் ஆய்வு. எங்கள் ஊரில் படிப்பறிவில்லாத சனம்தான் மாஸ்க்கும் இல்லாமல் சந்தையில் முண்டியடித்தது. உங்கள் கருத்து என்ன?
— ஒரு வாசகர், சுன்னாகம்

அன்புள்ள தம்பி,

தொடர்பு உண்டு. பல நாடுகளில் அதிகம் படித்தவர்களே கூடுதலாகத் தடுப்பூசி போட்டுக்கொண்டார்கள். அதை எழுதுங்கள், புள்ளி கிடைக்கும். மாஸ்க் கதையையும் விடுவோம். அந்தச் சந்தைக் கதையைத்தான் என்னால் விட முடியவில்லை.

2020 மார்ச் 20 மாலை ஊரடங்கு தொடங்கியது. கொழும்பு, கண்டியோடு யாழ்ப்பாணத்தையும் அபாய வலயத்தில் சேர்த்தார்கள். இடையில் சில மணித்தியாலம் தளர்த்தினால், அன்றாடம் உழைத்து அன்றாடம் அரிசி வாங்குகிறவன் சந்தைக்குப் போகாமல் வேறு எங்கே போவான்? குளிர்சாதனப் பெட்டி நிறைய மீன் வைத்திருந்தவர்கள் போகவில்லைத்தான். அதையும் படிப்பின் கணக்கிலா எழுதப் போகிறீர்கள்?

எங்கள் ஒழுங்கையில் ஒரு பெரிய உத்தியோகத்தர். கார்க் கண்ணாடியில் ஊரடங்கு பாஸ். பாஸ் அவருடைய வேலைக்கு; பின் சீற்றில் மனுசி, பிள்ளைகள், தமக்கை வீட்டுக்குப் போகும் பலகாரச் சட்டி. தடையில் மறித்தால் சிங்களத்தில் இரண்டு வசனம், வழி திறந்துவிடும். அதே தடையில், சைக்கிளில் மீன்பெட்டி கட்டி வந்த பாசையூர்க்காரர் வெயிலில் நிற்பார், பெட்டியிலிருந்து ஐஸ் தண்ணீர் தார் ரோட்டில் ஒழுகிக்கொண்டிருக்கும். விதியை மீறியவர் யார், தம்பி? பிடிபட்டவர் யார்? உங்கள் கண்ணில் பட்டதெல்லாம் பிடிபட்டவர்கள்தான்.

2020 டிசம்பரில், கொரோனாவுக்கு மருந்து என்று சொல்லப்பட்ட கேகாலைப் பாணியை வாங்க ஆயிரக்கணக்கில் சனம் கூடியதே, நினைவிருக்கிறதா? அந்தப் பாணியை எல்லாரும் பார்க்கக் குடித்துக் காட்டியவர் அப்போதைய சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சி. சட்டம் படித்தவர். அடுத்த மாதமே அவருக்குத் தொற்று உறுதியானது. (நோய் வந்ததற்காகச் சிரிக்கவில்லை, நோய் யாருக்கும் வரும்.)

என் மாமி எட்டாம் வகுப்போடு நின்றவர். அவர் வீட்டுக் கிணறு நாலு வீட்டுப் பங்கு. பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து படலையில் தனிமைப்படுத்தல் அறிவித்தலை ஒட்டிவிட்டு, பதினாலு நாள் வெளியே வரக்கூடாது என்று சொல்லிப் போய்விட்டார். தண்ணீருக்கு என்ன வழி என்று அவரும் சொல்லவில்லை. மாமி விடிய நாலு மணிக்கு, மற்ற வீட்டார் எழும்ப முன்னம், குடங்களை நிரப்பிவிட்டு, கயிற்றையும் வாளியையும் சவர்க்காரம் போட்டுக் கழுவி வைத்துவிட்டுத்தான் உள்ளே போவார். சட்டப்படி பார்த்தால் அவர் நாள்தோறும் விதியை மீறினார். உங்கள் அட்டவணையில் அவரை எந்தக் கட்டத்தில் போடுவீர்கள்?

நல்ல பிள்ளை நீங்கள், உழைக்கிறீர்கள் என்று கடிதத்திலேயே தெரிகிறது. ஆனால் கேள்விக்கொத்தை அச்சடிக்க முன்னம் திருத்துங்கள். எதுவரை படித்தீர்கள் என்பதோடு, வீட்டில் எத்தனை அறை, கிணறு சொந்தமா பங்கா, ஒருநாள் வேலைக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியுமா, பாஸ் கிடைத்ததா என்றும் கேளுங்கள். கேள்வி கூடிப்போச்சு என்று மேற்பார்வையாளர் சொன்னால் வேறு எதை வெட்டினாலும் பாஸை வெட்ட விடாதீர்கள்.