ஆங்கிலத்தில் நேரம், நாள், மாதம் சொல்லும்போது 'அட்', 'ஆன்', 'இன்' மூன்றில் எது வரும் என்று குழம்பாமல் இருக்க வழி உண்டா?

அட்டவணையை எத்தனை முறை மனப்பாடம் செய்தாலும் மெயில் எழுதும்போது கை நின்றுவிடுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அந்த அட்டவணை மேல்தான் சந்தேகம். அடுத்தவர் எழுதிய ஆங்கிலத்தைத் திருத்திக் கொடுப்பதுதான் பல வருடங்களாக என் பிழைப்பு (பிழையால் பிழைக்கிறவன் என்று வீட்டில் கிண்டல்). அதில் நான் கண்டுகொண்டது, இந்த விஷயத்தில் பாதி வேலையைத் தமிழே செய்து கொடுத்துவிடுகிறது. மீதிப் பாதியில் அதே தமிழ் காலை வாரிவிடுகிறது. எது எங்கே என்று தெரிந்துகொண்டால் அட்டவணை தேவைப்படாது.

முதலில் உதவுகிற பாதி. 'ஐந்து மணிக்கு வா', 'திங்கட்கிழமை வா', 'மே மாதத்தில் வா' என்று மூன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மணியோடு 'கு' வந்தது. கிழமையோடு ஒன்றும் வரவில்லை, எழுத்தில் என்றால் 'அன்று' வரும். மாதத்தோடு 'இல்' வந்தது. 'ஐந்து மணியில் வா' என்று சொல்கிற ஆளே கிடையாது. ஆங்கிலமும் கிட்டத்தட்ட இதே இடங்களில்தான் பிரிக்கிறது: 'அட் ஃபைவ்', 'ஆன் மண்டே', 'இன் மே'. 'கு' வந்தால் அட், 'அன்று' வந்தால் ஆன், 'இல்' வந்தால் இன். வருடம், பருவம், நூற்றாண்டு எல்லாம் 'இல்' கூட்டம்: 1947இல், குளிர்காலத்தில், 19ஆம் நூற்றாண்டில். காலையில், மாலையில் என்பதும் 'இன் த மார்னிங்', 'இன் தி ஈவ்னிங்' என்று அப்படியே போகும். தேதியும் பிறந்தநாளும் 'அன்று' கூட்டம், ஆகவே ஆன்.

இதை மட்டும் வைத்துக்கொண்டே முக்கால்வாசி வாக்கியங்களை எழுதிவிடலாம். இனி வாரிவிடுகிற இடங்கள்.

இரவில் என்பது 'அட் நைட்'. காலைக்கும் மாலைக்கும் 'இன்' போட்டுவிட்டு இரவுக்கு மட்டும் ஏன் 'அட்' என்று கேட்டால், இதை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள் என்றுதான் சொல்வேன். இன்னொன்று, 'திங்கட்கிழமை காலையில்'. தமிழில் கடைசியில் 'இல்' இருக்கிறது, கை தானாக 'இன்' போடும். ஆனால் கிழமையோ தேதியோ உள்ளே வந்துவிட்டால் அதுதான் ஜெயிக்கும்: 'ஆன் மண்டே மார்னிங்'. வார இறுதிக்கு பிரிட்டிஷ்காரர்கள் 'அட் த வீக்எண்ட்' என்பார்கள், அமெரிக்கர்கள் 'ஆன் த வீக்எண்ட்' என்பார்கள். இரண்டும் சரி. ஒரே கடிதத்தில் இரண்டையும் கலக்காதீர்கள், அவ்வளவுதான்.

'கு' எப்போதும் 'அட்' ஆகிவிடாது. 'இரண்டு நாளைக்கு லீவு' என்பதில் இருக்கிற 'கு' எவ்வளவு காலம் என்பதைச் சொல்கிறது, அதற்கு 'ஃபார்'. 'கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிவிட்டார்கள்' என்பதில் இருக்கிற 'கு' ஒரு நாளை நோக்கி நகர்கிறது, அதற்கு 'டு'. கடிகார நேரத்தோடு ஒட்டிய 'கு' மட்டும்தான் 'அட்'.

'நாளைக்கு' என்பதிலும் 'கு' இருக்கிறது, ஆனால் ஆங்கிலத்தில் அங்கே எதுவுமே வராது. 'ஆன் டுமாரோ' என்று எழுதுகிறவர்களை இன்றும் பார்க்கிறேன். டுடே, டுமாரோ, டுநைட் என்ற சொற்களின் தொடக்கத்தில் இருக்கும் 'டு' ஒரு காலத்தில் தனியாக நின்ற ப்ரெபோசிஷன்தான் (அட், ஆன், இன் மாதிரியான சொல்). பழைய ஆங்கிலத்தில் பிரித்து எழுதினார்கள், அப்புறம் இடையில் சிறுகோடு போட்டு எழுதினார்கள், பிறகு ஒட்டிக்கொண்டது. ஏற்கனவே ஒன்று உள்ளே இருக்கும்போது வெளியே இன்னொன்று எதற்கு? லாஸ்ட், நெக்ஸ்ட், திஸ், எவ்ரி என்று தொடங்கும் இடங்களிலும் எதுவும் வேண்டாம். 'இன் லாஸ்ட் மந்த்' என்பது மிகச் சாதாரணமாகக் கண்ணில் படும் பிழை. 'போன மாதம்' என்று நாமே மொட்டையாகத்தானே சொல்கிறோம்?

அடுத்தது 'க்குள்'. என்னிடம் வரும் தாள்களில் அதிகச் சிவப்பு மை செலவாவது இதற்குத்தான். 'ஐந்து மணிக்குள் அனுப்பு', 'ஐந்து மணி நேரத்துக்குள் அனுப்பு' என இரண்டுக்கும் தமிழில் ஒரே 'க்குள்' போதும். ஆங்கிலத்தில் முதலாவது 'பை', இரண்டாவது 'விதின்'. கெடு ஒரு மணியாகவோ நாளாகவோ இருந்தால் 'பை'. ஆகும் கால அளவாக இருந்தால் 'விதின்'. 'விதின் ஃப்ரைடே' என்று எழுதினால் அந்த வெள்ளிக்கிழமை ஏதோ ஒரு பெட்டி மாதிரி ஆகிவிடும்.

'பை' போட வேண்டிய இடத்தில் 'அன்டில்' போட்டு நானே மாட்டியிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், வெள்ளிக்கிழமைக்குள் அறிக்கையை அனுப்புங்கள் என்று சொல்ல நினைத்து 'அன்டில் ஃப்ரைடே' என்று எழுதிவிட்டேன். எதிர்முனையில் இருந்தவர் மிகவும் மரியாதையாக, வெள்ளி வரை தினமும் ஒன்று அனுப்ப வேண்டுமா என்று கேட்டார். கிண்டலா, உண்மையான சந்தேகமா என்று இன்றுவரை புரியவில்லை. 'அன்டில்' என்றால் 'வரை'. அதுவரை ஒரு செயல் நீடிக்கிறது. 'பை' என்றால் 'க்குள்'. அதற்குமுன் ஒரு முறை நடந்து முடிந்தால் போதும். 'ஐந்து மணி வரை இருப்பேன்', 'ஐந்து மணிக்குள் வந்துவிடுவேன்' என்று தமிழில் நாம் தவறவே மாட்டோம். சந்தேகம் வந்தால் வாக்கியத்தை மனதுக்குள் தமிழில் ஒரு முறை சொல்லுங்கள், விடை அதிலேயே இருக்கும்.

'வரை' தமிழிலும் சரி, ஆங்கிலத்திலும் சரி, ஒரு விஷயத்தில் நம்ப முடியாத சொல். '10ஆம் தேதி வரை லீவு' என்றால் 10ஆம் தேதியும் சேர்த்தா? அமெரிக்கர்கள் 'மண்டே த்ரூ ஃப்ரைடே' என்றால் வெள்ளியும் சேர்த்தி என்பது தெளிவு. வெறும் 'அன்டில்' போட்டால் தெளிவில்லை. அதனால் நான், '11ஆம் தேதி திரும்பி வருகிறேன்' என்று எழுதிவிடுவேன்.

சின்ஸ், ஃபார் இரண்டையும் பற்றித் தனியாகவே ஒரு பதில் எழுதலாம். 'மூன்று வருடமாக' என்பதில் 'ஆக' வந்தால் ஃபார், '2019இலிருந்து' என்பதில் 'இலிருந்து' வந்தால் சின்ஸ். 'சின்ஸ் த்ரீ இயர்ஸ்' என்று எழுதுகிறவர் தன் தமிழைக் கேட்கவில்லை. ஆனால் 'இலிருந்து' என்றதும் சிலர் 'ஃப்ரம்' போடுவார்கள். தொடங்கி இன்றுவரை நடந்துகொண்டிருந்தால் சின்ஸ்தான். அதோடு வினைச்சொல்லும் மாற வேண்டும். '2019இலிருந்து இங்கே வேலை பார்க்கிறேன்' என்று நாம் நிகழ்காலத்தில் சொல்வதை ஆங்கிலம் ஏற்காது, அங்கே 'ஹேவ் பீன் வொர்க்கிங்' வேண்டும். இந்த ஒரு இடத்தில் தமிழை மறந்துவிடுங்கள்.

'ஐந்து நிமிடத்தில் கூப்பிடுகிறேன்', 'ஐந்து நிமிடம் கழித்துக் கூப்பிடுகிறேன்' என இரண்டும் நமக்கு ஒன்றுதான். இப்போதிலிருந்து எண்ணுவதாக இருந்தால் ஆங்கிலத்துக்கு இயல்பானது 'இன் ஃபைவ் மினிட்ஸ்'. 'ஆஃப்டர்' போட்டால் புரியும், கொஞ்சம் ஒட்டாமல் நிற்கும். 'முன்பு' என்பதிலும் இதே கணக்கு. இப்போதிலிருந்து பின்னோக்கி எண்ணினால் 'அகோ', வேறொரு நிகழ்ச்சியிலிருந்து எண்ணினால் 'பிஃபோர்'. அகோ என்ற சொல்லே 'கடந்துபோன' என்ற பொருளில் இருந்த பழைய 'அகான்' சுருங்கி வந்ததுதான். 'இரண்டு நாள் கடந்து' என்பது போல அது கடைசியில் வந்து உட்காருவது அதனால்தான்.

ஆன் டைம் என்றால் குறித்த நேரத்துக்கு, இன் டைம் என்றால் கைமீறுவதற்கு முன். 'கடைசியில்' என்பதற்கு இரண்டு உண்டு: மாதக் கடைசியில் என்றால் 'அட் தி எண்ட்', 'கடைசியில் அவன் வரவே இல்லை' என்றால் 'இன் தி எண்ட்'.

'நெக்ஸ்ட் ஃப்ரைடே' பற்றியும் கேட்டிருந்தீர்கள். ப்ரெபோசிஷன் வேண்டாம், அதில் சிக்கல் இல்லை. எந்த வெள்ளி என்பதில்தான் சிக்கல். 'வருகிற வெள்ளி'யா, அதற்கு 'அடுத்த வெள்ளி'யா என்று ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்களே தங்களுக்குள் சண்டை போடுகிறார்கள். நான் அதில் தலையிடுவதில்லை. 'ஆன்' போட்டுத் தேதியை எழுதிவிடுகிறேன்.