மழை பிடித்தால்தான் பெட்டி வாசிக்கலாம், மழை பிடித்தால் பெட்டி வாசிக்காது

கேள்வி இதுதான்: இசையைத் தொழிலாக வைத்துக்கொள்ளாமல் ஆசைக்கு மட்டும் வாசிப்பவர்களின் அன்றாடம் எப்படி இருக்கும்? வேலைக்கு நடுவில் நேரம் எங்கே கிடைக்கிறது?

நேரத்தை விடுங்கள், அது எப்படியாவது கிடைத்துவிடும். எனக்குக் கிடைக்காதது, யார் காதிலும் விழாமல் தப்புத் தப்பாக வாசிக்க ஓர் இடம்.

இலங்கை மலையகத்தில், டிக்கோயாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறேன். பிள்ளைமடுவத்தில் வேலை. கொழுந்து பறிக்கப் போகிற அம்மாக்கள் காலையில் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போவார்கள். கைப்பிள்ளைக்காரிகள் நடுவில் ஒரு தடவை பால் கொடுக்க ஓடி வருவார்கள். சாயந்தரம் வரைக்கும் பதினேழு பிள்ளைகள் என் பொறுப்பு. நான் வாசிப்பது ஆர்மோனியம். தாத்தா எங்கள் தோட்டத்துப் பஜனைக் குழுவில் வாசித்த பெட்டி அது. அவருக்குப் பிறகு அலுமாரி மேல் கிடந்ததை இருபத்திரண்டு வயதில் நான் இறக்கினேன். இப்போது முப்பத்தைந்து. குரு என்று யாரும் இல்லை. தாத்தா கட்டைகளில் ஒட்டிவைத்திருந்த ச ரி க ம காகிதத் துண்டுகள்தான்.

லயம் என்கிற தோட்டத்துக் குடியிருப்பு தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வரிசையாகப் பன்னிரண்டு வீடு, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே தகரக் கூரை. ஒரு காம்பரா, அதாவது அறை, பத்துக்குப் பன்னிரண்டு அடி. வீட்டுக்கு வீடு இடைச்சுவர் உண்டு, ஆனால் எங்கள் லயத்தில் அது கூரை வரைக்கும் போகாது. நாங்கள் கடுகு தாளித்தால் மூன்றாம் வீட்டுக்குக் கேட்கும். அப்படியென்றால் ஆர்மோனியம் எவ்வளவு தூரம் போகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலையில் பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்க நின்றால், தொங்கல் வீட்டு அத்தை கேட்பார்: "நேத்தும் அந்த எடத்துல தடுக்கிருச்சே புள்ள, இன்னும் வரலையா?" கேலி இல்லை, உண்மையான அக்கறைதான். ஆனால் தடுக்கிய இடத்தை ஊரே கணக்கு வைத்திருக்கிறது என்று தெரிந்தபின் கை இன்னும் நடுங்கும்.

அதனால் எனக்கு மழை வேண்டும். மே மாதம் தென்மேற்குப் பருவமழை பிடித்தால் செப்டெம்பர் வரைக்கும் எங்கள் பக்கம் அடித்து ஊற்றும். தகரத்தின் மேல் அது விழுகிற சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. மழை அப்படி அடிக்கிற முக்கால் மணி நேரம்தான் என் சாதகம். எந்தச் சுரத்தையும் தைரியமாகத் தப்பாக வாசிக்கலாம், ஒரே வரியை நாற்பது தடவை போட்டு அரைக்கலாம். எனக்கே பாதிதான் கேட்கும் என்பது வேறு கதை.

ஆனால் அதே மழைதான் பெட்டிக்கு எமன். ஈரத்தில் மரம் ஊதிக்கொள்ளும். அழுத்திய கட்டை மேலே வராது, வேண்டாத சுரம் ஒன்று பாட்டு முடியும் வரைக்கும் அழுதுகொண்டே இருக்கும். துருத்தியின் தோல் கனத்துப்போகும். தாத்தா அலுமாரிக்குள் குண்டு பல்ப் ஒன்றைத் தொங்கவிட்டுப் பெட்டியைக் காய வைப்பார். கரண்ட் பில் ஏறியதும் நான் அதை நிறுத்திவிட்டு வேறொன்று செய்து பார்த்தேன். தொழிற்சாலையிலிருந்து வருகிற தேயிலைத் தூளில் ஈரம் நூற்றுக்கு மூன்று அளவில்தான் இருக்கும். திறந்து வைத்தால் காற்றிலுள்ள ஈரத்தை எல்லாம் அது இழுத்துக்கொள்ளும், தூள் நமுத்துப்போவது அதனால்தானே. சரி, ஒரு துணிப்பையில் கால் கிலோ கட்டிப் பெட்டிக்குள் வைத்தேன். நான்கு நாளில் தூள் நமுத்தது, கட்டைகள் கொஞ்சம் இளகின. சட்டியில் வறுத்து மறுபடி வைத்தேன். அம்மா பார்த்துவிட்டார். "குடிக்கத் தூள் இல்ல, பெட்டிக்குத் தூளா?" அன்றோடு அந்த ஆராய்ச்சி முடிந்தது. துருத்தியை அமுக்கினால் இன்றைக்கும் லேசாகத் தேயிலைச் சாய வாசம் வரும்.

பெட்டியைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும், நான் செய்த பெரிய முட்டாள்தனம் அது. நான் பாடுவது ஐந்து கட்டைச் சுருதியில், மேல்நாட்டு முறையில் G. பெண்களில் பலருக்கு அதுதான் தோது. இரவில் எல்லாரும் படுத்தபின் காற்றை மெதுவாக விட்டு அந்தச் சுரத்தை மட்டும் பிடித்துக்கொண்டிருப்பேன். அப்படிப் பிடிக்கும்போது ஒலி நேராக நிற்காது, "உவ்... உவ்... உவ்..." என்று அலை அடிக்கும். சுருதி இறங்கிவிட்டது என்று நினைத்தேன். ஆர்மோனியத்துக்குள் காற்றில் அதிர்ந்து ஒலி தருகிற பித்தளை நாக்கை நுனியில் ராவினால் சுருதி ஏறும், அடியில் சுரண்டினால் இறங்கும். இதை எங்கேயோ படித்திருந்தேன், அரைகுறைப் படிப்பு. நகம் ராவுகிற சின்ன அரத்தை எடுத்து, நாக்கின் அடியில் ஒரு காகிதத் துண்டைச் செருகி, நுனியில் இரண்டு இழுப்பு இழுத்தேன். பித்தளைப் பொடி மூக்குப்பொடி மாதிரி காகிதத்தில் விழுந்தது. மாட்டிப் பார்த்தேன். அலை கொஞ்சம் மெதுவானது. இன்னும் இரண்டு இழுப்பு. இன்னும் மெதுவானது. எனக்கு ஒரே பெருமை. மிச்சம் இருப்பது ஈரத்தால் வருவது என்று நினைத்து மூடி வைத்துவிட்டேன்.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் கரண்ட் போனது நினைவிருக்கும். அப்படி ஓர் இரவில் மெழுகுவத்தியை ஏற்றி வைத்துப் பெட்டியைத் திறந்தேன். லயத்தில் அவ்வளவு அமைதியை நான் கேட்டதே இல்லை. என்ன குறைகிறது என்று புரியவே சற்று நேரம் பிடித்தது. லயத்துக்குப் பின்னால் கம்பத்தில் இருக்கிற ட்ரான்ஸ்போமரின் இரைச்சல்! வருடக்கணக்காகக் காதில் இருந்ததால் அதை ஒரு சத்தம் என்றே நான் எண்ணியதில்லை. நம் கரண்ட் நொடிக்கு 50 சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் ட்ரான்ஸ்போமருக்குள் இருக்கும் இரும்பு இரண்டு தடவை அதிரும், ஆகவே அதன் இரைச்சல் நொடிக்கு 100 அதிர்வு. அதன் மேல் ஸ்தாயி 200. என் ஐந்து கட்டையின் அளவு 196. இந்த நாலு வித்தியாசம்தான் நொடிக்கு நாலு தடவை அலை அடித்திருக்கிறது. பெட்டி சரியாகத்தான் இருந்தது. நான் கரண்ட் கம்பத்துக்குச் சுருதி சேர்த்திருக்கிறேன்!

கம்பம் செத்துக் கிடந்த அந்த இரவிலும் அலை நிற்கவில்லை. இந்தத் தடவை அது என் கைவேலை. போனில் சுருதி பார்க்கிற ஆப்பை வைத்துப் பார்த்தேன். என் பெட்டியில் ஒரு கட்டைக்கு ஒரு ஸ்தாயி இடைவெளியில் இரண்டு நாக்கு. அதே கட்டையின் கீழ் வரிசை நாக்கு 98இல் ஒழுங்காக இருக்கிறது, நான் ராவிய மேல் நாக்கு 198. 98இன் இரட்டிப்பு 196, அதோடுதான் இது மோதுகிறது. ட்ரான்ஸ்போமரை நோக்கிச் சரியாகப் பாதி வழி போயிருக்கிறேன். அடியில் சுரண்டி இறக்கலாம்தான், ஆனால் அரத்தைத் தொட இன்னும் கை வரவில்லை. இப்போதெல்லாம் அந்த வரிசையின் குமிழை உள்ளே தள்ளிவிட்டுக் கீழ் வரிசையில் மட்டும் வாசிக்கிறேன்.

வெளியே வாசிப்பது என்றால் வருடத்தில் மார்கழி ஒரு மாதம்தான். விடிய நாலு மணிக்குக் கோயிலில் கூடி, லயம் லயமாகப் பஜனை போகும். ஆர்மோனியத்தைத் துண்டால் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு நடக்க வேண்டும், பத்துக் கிலோவுக்குக் கிட்ட. பணிய லயத்திலிருந்து மேல் லயத்துக்கு ஏறும் படிகளில் பனி வழுக்கும். குளிரில் விரல் மரத்துவிடும், எந்தக் கட்டையில் இருக்கிறது என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். முதல் வருடம் நான் கேட்டபோது குழுவில் ஒரு பெரியப்பா, "அது ஆம்பளைங்க தூக்குற பெட்டிம்மா, நீ தாளம் போடேன்" என்றார். கனம்தான் காரணம் என்றால், மழையில் நனைந்த கொழுந்துக் கூடையின் கனம் அவருக்குத் தெரியாதா? 1931இல் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கிய நடேசய்யரின் மனைவி மீனாட்சியம்மாள் அந்தக் காலத்திலேயே தொழிலாளர் கூட்டங்களில் மேடையேறிப் பாடியவர். பெட்டி தூக்குவதா பெரிய விஷயம்? இதையெல்லாம் நான் சொல்லவில்லை, மனசுக்குள்தான். அந்த வருடம் பெட்டி வாசிக்கிறவருக்குக் காய்ச்சல் வந்ததால் துண்டு என் கழுத்துக்கு வந்தது. இன்றுவரை கழற்றவில்லை.

தாளம் கற்றது மாமாவிடம். அவர் தப்பு என்கிற பறையை அடிப்பவர். மாசியில் ரதி-மன்மதன் கதையான காமன் கூத்துக்குக் கம்பம் ஊன்றினால் அவரில்லாமல் எதுவும் நடக்காது. முந்தின காலத்தில் தொழிலாளர்களைப் பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற கூட்டத்துக்கு, எழுப்பியதும் தப்புத்தான். காய்ந்த சருகைக் கூட்டித் தீ மூட்டி, தப்பைத் தலைகீழாகப் பிடித்துச் சுற்றிச் சுற்றிக் காட்டுவார். நடுநடுவே விரலால் சுண்டிப் பார்ப்பார். முதலில் அட்டைப் பெட்டியைத் தட்டுவது போல "தொப்" என்கும். தோல் இறுக இறுக "டண்" என்று தெறிக்கும். இரண்டே நிமிடம். என் பெட்டியை அப்படிக் காய்ச்ச முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! ரதிக்கு ஓர் அடி, வீரபத்திரன் வர ஓர் அடி, எமனுக்கு வேறு அடி. எதுவும் எழுத்தில் இல்லை, எல்லாம் அவர் மணிக்கட்டில்தான். ஆர்மோனியம் என்றால் சங்கீதம், தப்பு என்றால் சத்தம் என்று சொல்கிறவர்கள் எங்கள் தோட்டத்திலேயே இருக்கிறார்கள். அவர்களுக்கு இரண்டும் தெரியாது என்பது என் எண்ணம்.

அப்புறம், சொந்தமாகப் பாட்டுக் கட்டுவது. அது எனக்கு வேலை நேரத்திலேயே நடக்கிறது. பிள்ளைமடுவத்துக்குப் பெட்டியைக் கொண்டுபோக முடியாது, பதினேழு பேரும் ஏறி உட்கார்ந்துவிடுவார்கள். வெறும் குரல்தான். கை கழுவ ஒரு பாட்டு, சோறு தின்ன ஒரு பாட்டு, தூங்க ஒரு பாட்டு. பிள்ளைகளைப் போலக் கறாரான ரசிகர்கள் கிடையாது. மெட்டில் எங்கேயாவது வித்தை காட்டினால் அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டுப் பாடுவார்கள். அவர்கள் விட்ட இடத்தை நானும் வெட்டிவிடுவேன். இப்படி வெட்டி வெட்டி மிஞ்சியதாக இருபது பாட்டுக்கு மேல் இருக்கும்.

அவற்றைப் போனில் பதிவு செய்து வைக்கிறேன். ஸ்டூடியோ எங்கள் அம்மா கொழுந்துக்குப் போன காலத்துக் கம்பளி. தலையோடு போர்த்திக்கொண்டு உள்ளே போனை வைத்தால் சுவரில் பட்டு வருகிற எதிரொலி வராது. மூச்சு முட்டும், ஒரு பாட்டுக்கு மேல் தாங்காது. டிசம்பர் முதல் மே மாத வெசாக் பௌர்ணமி வரை சிவனொளிபாதமலை யாத்திரை சீசன், ஹட்டனிலிருந்து மஸ்கெலியாவுக்குப் போகிற பஸ்கள் வளைவுக்கு வளைவு ஹார்ன் அடிக்கும், கம்பளியெல்லாம் அதற்குக் காணாது. ஆகவே என் பாட்டுகள் பெரும்பாலும் ஜூன், ஜூலையில் மழை விட்ட இடைவெளியில் பிறந்தவை.

கம்பளிக்குள்ளும் ட்ரான்ஸ்போமர் வந்துவிடுகிறது. ஓர் ஆப்பில் அதை மட்டும் வடிகட்டிப் பார்த்தேன், அதோடு சேர்ந்து என் ஆதார சுருதியும் மெலிந்துபோனது. பக்கத்திலேயே இருக்கிற சுரம் இல்லையா. அதனால் பெட்டி இல்லாமல் வெறும் குரலில் பாடும்போது இப்போது கம்பத்துக்கே சுருதி சேர்த்துப் பாடிவிடுகிறேன், ஐந்து கட்டைக்கு ஒரு நூல் மேலே. கொழும்பில் இருக்கிற தங்கச்சிக்கு ஒன்றை அனுப்பினேன். அவள் தோழி கேட்டுவிட்டு, பின்னால் வருகிற தம்புரா எந்த ஆப் என்று விசாரித்தாளாம். தோட்டத்து ஆப் என்று சொல்லச் சொன்னேன்.