“பையன் குடிச்சிருக்கானா?” என்று கேட்கிறார்கள்

கேள்வி: என் மகனுக்கு 19 வயது, ஆட்டிசம் உண்டு. நன்றாகப் பேசுவான், கடைக்குத் தனியாகப் போய்வருவான். ஆனால் பஸ்ஸில் கையை உதறுவான், காதில் விழுந்த வார்த்தையையே முணுமுணுப்பான், யார் முகத்தையும் பார்க்க மாட்டான். போன வாரம் பக்கத்தில் இருந்தவர், “குடிச்சிருக்கானா?” என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். வெளியிடங்களிலாவது இதையெல்லாம் அடக்கிக்கொள்ளப் பழக்கலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. ஹாரன் சத்தத்தையும் நெரிசலையும் உங்கள் மகன் தாங்குவதே அந்தக் கை உதறலால்தான். அதை அடக்கச் சொன்னால் கவனமெல்லாம் அங்கேயே போய்விடும். இறங்க வேண்டிய ஸ்டாப்பைக்கூடத் தவறவிடுவார். இப்படி வருடக்கணக்கில் தன்னை மறைத்தே பழகியவர்களிடம் கடுமையான சோர்வும் பதற்றமும் மனச்சோர்வும் அதிகம் காணப்படுகின்றன.

2017இல் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழக (டல்லாஸ்) உளவியலாளர் நோவா சாஸன் குழுவினர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆட்டிசம் உள்ளவர்கள், இல்லாதவர்கள் இரு தரப்பும் பேசுவதை முன்பின் தெரியாதவர்களுக்குச் சில விநாடிகள் மட்டும் காட்டினார்கள். பார்த்தவர்களுக்கு ஆட்டிசம் உள்ளவர்களோடு பேசிப் பழக அவ்வளவாக விருப்பமில்லை. குரலை மட்டும் கேட்டவர்களும் அப்படியே. ஆனால் அதே பேச்சை எழுத்தில் படிக்கக் கொடுத்தபோது அந்த வித்தியாசம் காணாமல் போய்விட்டது! சொன்ன விஷயத்தில் குறையே இல்லை. குரலின் ஏற்ற இறக்கம், முகம், உடலசைவு இவற்றை வைத்துத்தான் ஆளை எடைபோட்டுவிட்டார்கள்.

சாஸன் 2019இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வில், இவருக்கு ஆட்டிசம் என்று முன்கூட்டியே சொன்னபோது பார்த்தவர்களின் அபிப்பிராயம் மேம்பட்டது. பஸ்ஸில் நடப்பதும் இதுதான். கை உதறல் கண்ணுக்குத் தெரிகிறது, காரணம் தெரிவதில்லை. அதனால் அவரவருக்குத் தெரிந்த காரணத்தை, குடி, திமிர், வளர்ப்பு சரியில்லை என்று, ஒட்டிவிடுகிறார்கள்.

ஆக, காரணத்தைச் சொல்ல ஒரு வழி வேண்டும். “எனக்கு ஆட்டிசம். பதில் சொல்லக் கொஞ்சம் நேரம் ஆகும்.” இந்த இரண்டு வரியை வீட்டில் சொல்லிப் பழகலாம், ஒரு சீட்டில் எழுதிப் பையிலும் வைக்கலாம். தினமும் போகும் பஸ் என்றால் கண்டக்டரிடம் சொல்லி வையுங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016இன் பட்டியலில் ஆட்டிசமும் இருக்கிறது, யூ.டி.ஐ.டி. அட்டை (மாற்றுத்திறனாளிகளுக்கான அரசு அடையாள அட்டை) இன்னும் வாங்கவில்லையென்றால் வாங்கிவிடுங்கள். கண்ணைப் பார்க்காமல் தாமதமாகப் பதில் சொல்கிறவர் மீது போலீஸுக்குச் சந்தேகம் வருவது சகஜம், அப்போது அது கையில் இருக்கட்டும். ஆனால் யாரிடம் சொல்வது என்பதை அவரைக் கேட்டு முடிவு செய்யுங்கள். 19 வயது ஆள் அவர்.

அப்புறம், தெரிந்துகொண்ட சிலர் “சாப்டியா செல்லம்?” என்று கொஞ்சத் தொடங்குவார்கள், அல்லது அவரை விட்டுவிட்டு உங்களிடமே பேசுவார்கள். மருத்துவர்களும் இதைச் செய்கிறோம்; என் ஆரம்ப காலத்தில் நானே செய்திருக்கிறேன். “அவனையே கேளுங்க” என்று தயங்காமல் சொல்லுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம். தலையை முட்டிக்கொள்வது, கையைக் கடித்துக்கொள்வது போன்றவை இருந்தாலோ, வழக்கமான அசைவுகள் திடீரென்று அதிகமானாலோ பல்வலி, காதுவலி, மலச்சிக்கல், தூக்கக் குறைவு ஏதாவது இருக்கிறதா என்று மருத்துவரிடம் காட்டிப் பாருங்கள். வலிக்கிறது என்று சொல்ல வராதபோது உடம்பு இப்படித்தான் சொல்லும்.