‘ஃபயர்’ படத்தில் என்னைச் சுட்ட இடம் வேறு

ஒரே வீட்டு மருமகள்களான ராதாவும் சீதாவும் ஒருவரையொருவர் காதலிக்கும் கதையைச் சொல்லும் தீபா மேத்தாவின் ‘ஃபயர்’ படம் குடும்பப் பெண்களின் மனத்தைக் கெடுக்காதா என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்ட விதத்தைப் பார்த்தால் நீங்கள் இன்னும் அந்தப் படத்தைப் பார்க்கவில்லை என்றே தோன்றுகிறது, தவறானால் பொறுத்துக்கொள்ளுங்கள். பார்க்காமலேயே பல ஆண்டுகள் அதைத் திட்டியவள் நான்.

1998 டிசம்பரில் மும்பையிலும் தில்லியிலும் அதைத் திரையிட்ட திரையரங்குகள் தாக்கப்பட்ட செய்தியைப் படித்துவிட்டு, ‘வேண்டியதுதான்’ என்று கணவரிடம் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு குருவின் சொற்படி பிரம்மசரிய விரதம் ஏற்று, அவர் மாடி அறையில் தனியே படுக்கத் தொடங்கி அப்போது நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. இரண்டு பிள்ளைகள் பிறந்தாயிற்று, கடமை முடிந்தது என்பது அவர் கணக்கு. உறவினர்கள் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டு, என்னைக் ‘கொடுத்து வைத்தவள்’ என்றார்கள்.

பிற்காலத்தில் படத்தைத் தனியாகப் பார்த்தேன். இரண்டு பெண்கள் முத்தமிட்டுக்கொள்வதற்கு மனத்தைத் தயார்ப்படுத்தியிருந்ததால் அது என்னை அவ்வளவாக அதிரவைக்கவில்லை. பதின்மூன்று ஆண்டுகளாக விரதம் காக்கும் அசோக், தன் புலனடக்கத்தைச் சோதித்துப் பார்ப்பதற்காகவே மனைவி ராதாவை அருகில் வந்து படுக்கச் சொல்லும் காட்சியில்தான் படத்தை நிறுத்திவிட்டு, அடுக்களைக்குப் போய், கழுவி வைத்திருந்த பாத்திரங்களையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தேன்.

கணவரைப் பழிக்கிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். அவர் என்னை அப்படிச் சோதித்ததில்லை, அதட்டிப் பேசியதுமில்லை. படத்திலும் எனக்குக் குறை உண்டு. கணவர்கள் ஒழுங்காக இருந்திருந்தால் அந்தக் காதலே பிறந்திருக்காது என்ற தொனி, பெண்ணை இயல்பாகவே விரும்பும் பெண்களுக்கு நியாயம் செய்வதாகாது. ஆனால் இந்திப் பதிப்பில் சீதா என்ற பெயரை நீதா என்று மாற்ற வைத்தவர்களுக்கும், திரையரங்குக் கண்ணாடிகளை உடைத்தவர்களுக்கும் அசோக்கின் அந்தச் சோதனை மட்டும் உறுத்தவே இல்லை என்பதை என்னால் இன்றும் செரிக்க முடியவில்லை.

என் மனம் கெட்டதா என்றால், படம் பார்த்த மறுவாரம், ‘விரதம் ஏற்கும் முன் என்னை ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை?’ என்று அவரிடம் முதன்முறையாகக் கேட்டேன். அவர் நெடுநேரம் என்னைப் பார்த்துவிட்டு, ‘இதையெல்லாம் உனக்கு யார் சொல்லிக்கொடுத்தது?’ என்றார்.