ஆறு ஆண்டு ஓடிய காருக்குத் தேர்ட் பார்ட்டி மட்டும் போதுமா?

கேள்வி: சென்னை மடிப்பாக்கத்தில் வசிக்கிறேன். 2020-இல் வாங்கிய 1,197 சி.சி. பெட்ரோல் காருக்கான கடன் முடிந்துவிட்டது. இதுவரை ஒரு கிளெய்ம்கூடச் செய்ததில்லை. இன்சூரன்ஸைப் புதுப்பிக்க ஷோரூமில் 14,686 ரூபாய் கேட்கிறார்கள். அவர்கள் தந்த விவரத்தாளை இணைத்துள்ளேன். எங்களுக்குத் தெரிந்த ஏஜென்ட், “பழைய வண்டிக்கு இதெல்லாம் எதற்கு சார், தேர்ட் பார்ட்டி போதும்” என்று 4,420 ரூபாயில் முடித்துத் தருவதாகச் சொல்கிறார். ஆர்.சி. என் மனைவி பெயரில் இருக்கிறது. அவருக்கு லைசென்ஸ் இல்லை, நான்தான் ஓட்டுகிறேன். மனைவி, மகன், அம்மா ஆகியோருடன் அடிக்கடி ஊருக்குப் போய்வருவோம். எதை எடுக்கலாம்?

பதில்: இரண்டையுமே அப்படியே எடுக்க வேண்டாம் என்பதுதான் என் கருத்து. ஏஜென்ட் சொல்வதில் உங்களுக்கு அவசியமான ஒன்று விடுபட்டுப் போகிறது; ஷோரூம் தாளிலோ தேவையில்லாதவை சில சேர்ந்திருக்கின்றன.

முதலில் தேர்ட் பார்ட்டி. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி இது இல்லாமல் வண்டியைச் சாலையில் எடுக்கவே கூடாது. பிடிபட்டால் முதல் முறை 2,000 ரூபாய் அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். உங்கள் காரால் இன்னொருவர் இறந்தாலோ காயமடைந்தாலோ, மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் நிர்ணயிக்கும் தொகை எவ்வளவானாலும் நிறுவனம் கொடுக்கும். அதற்கு உச்சவரம்பு கிடையாது. பிறர் சொத்துக்கு ஏற்படும் சேதத்துக்கு மட்டும் 7.5 லட்சம் ரூபாய் வரம்பு உண்டு. 1,000 முதல் 1,500 சி.சி. வரையிலான கார்களுக்கு இதன் பிரீமியம் 3,416 ரூபாய் என்று அரசே நிர்ணயித்திருப்பதால், எந்த நிறுவனத்தில் எடுத்தாலும் இந்த வரியில் வித்தியாசம் இருக்காது. ஓட்டுபவருக்குச் செல்லுபடியாகும் லைசென்ஸ் இல்லாவிட்டால், பாதிக்கப்பட்டவருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு, அதை வண்டி உரிமையாளரிடமிருந்து நிறுவனம் வசூலித்துக்கொள்ளலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஆனால் இந்தப் பாலிசி உங்கள் காருக்கு ஒரு ரூபாய்கூடத் தராது. அதைவிட முக்கியமாக, வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசியில் தனியார் காருக்குள் இருக்கும் பயணிகளுக்குப் பாதுகாப்பு இல்லை. ஷோரூமில் சொல்வது போன்ற, சொந்தச் சேதத்தையும் சேர்த்த காம்ப்ரிஹென்சிவ் பாலிசியில் அவர்களுக்கும் சேர்த்தே பாதுகாப்பு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2012-இல் தெளிவுபடுத்தியிருக்கிறது. அம்மாவையும் மகனையும் ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் போகிறவர் நீங்கள். ஏஜென்ட்டின் யோசனையை நான் ஏற்காததற்கு இதுவே முதல் காரணம். காரின் விலை இரண்டாம்பட்சம்தான்.

காம்ப்ரிஹென்சிவில் தேர்ட் பார்ட்டியுடன் கூடுதலாக இருப்பது சொந்தச் சேதத்துக்கான பாதுகாப்பு. மோதல், தீ, திருட்டு, வெள்ளம், புயல், கலவரம் எல்லாம் இதில் அடங்கும். கார் திருடுபோனாலோ, பழுதுபார்க்கும் செலவு ஐ.டி.வி. எனப்படும் காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினாலோ, அந்த மதிப்பை ஒட்டியே பணம் கிடைக்கும். ஐந்து ஆண்டுகளைத் தாண்டிய வண்டிக்கு இந்த மதிப்பை நிறுவனமும் நீங்களும் பேசித்தான் முடிவுசெய்ய வேண்டும். பிரீமியத்தைக் குறைத்துக் காட்டுவதற்காக ஐ.டி.வி.யைக் குறைத்துப் போடுவது வழக்கமாக நடப்பதுதான். உங்கள் தாளில் 3.6 லட்சம் என்றிருப்பது நியாயமாகத் தெரிகிறது, அதைக் குறைக்க விடாதீர்கள்.

சொந்தச் சேதத்துக்கான பிரீமியம் 8,000 ரூபாய். கிளெய்ம் செய்யாததற்கான என்.சி.பி. தள்ளுபடி உங்களுக்கு உச்ச அளவான 50 சதவீதத்தை எட்டிவிட்டதால் 4,000 ரூபாய்தான் கட்டுகிறீர்கள். இந்தத் தள்ளுபடியைச் சில்லறைச் சேதங்களுக்காக இழந்துவிடக் கூடாது என்பதை ஒரு கணக்கால் காட்டுகிறேன். பிளாஸ்டிக் பம்பர் 6,000, இரும்பு ஃபெண்டர் 3,000, பெயின்ட் 8,000, கூலி 4,000 என மொத்தம் 21,000 ரூபாய்க்கு ஒர்க்‌ஷாப்பில் பில் வருவதாக வைத்துக்கொள்வோம். தேய்மானமாகப் பிளாஸ்டிக்கில் பாதியும், உங்கள் வண்டியின் வயதுக்கு இரும்பில் 40 சதவீதமும், பெயின்ட் பில்லில் பொருளாகக் கருதப்படும் கால் பங்கில் பாதியும் கழியும். அதன்மேல் கட்டாயக் கழிவாக 1,000 ரூபாய். ஆக 6,200 ரூபாய் உங்கள் கையிலிருந்து போக, 14,800 ரூபாய் கிடைக்கும். ஆனால் அடுத்த ஆண்டு தள்ளுபடி பூஜ்யமாகி, பிறகு 20, 25, 35, 45 என்று படிப்படியாகத்தான் மீண்டும் 50-க்கு வரும். பிரீமியம் மாறாது என்று வைத்தாலும், அந்த ஐந்து ஆண்டுகளில் நீங்கள் கூடுதலாகக் கட்டுவது ஜி.எஸ்.டி.யோடு 11,800 ரூபாய். சேதத்தை மதிப்பிடும் சர்வேயருக்காகக் காத்திருந்து, கையெழுத்துகள் போட்டு, கடைசியில் மிஞ்சுவது 3,000 ரூபாய்.

இந்தக் கணக்கை வைத்துத்தான் ‘பம்பர் டு பம்பர்’ எனப்படும் ஜீரோ டெப் கவரையும் பார்க்க வேண்டும். தேய்மானத்தைக் கழிக்காமல் தருவதற்காக ஷோரூமில் 2,700 ரூபாய், ஜி.எஸ்.டி.யோடு 3,186 ரூபாய் கேட்கிறார்கள். மேலே சொன்ன விபத்தில் இதனால் கூடுதலாகக் கிடைப்பது 5,200 ரூபாய். ஒன்றரை ஆண்டுக்கு ஒருமுறையாவது இப்படி இடித்துக்கொண்டால்தான் கட்டுப்படியாகும். புதுக் காருக்கும் புதிதாக ஓட்டப் பழகியவருக்கும் நான் இதைத் தயங்காமல் சொல்வேன்; ஆறு ஆண்டுகளாகக் கீறலுக்குக்கூடக் கிளெய்ம் செய்யாத உங்களுக்குத் தேவையில்லை. நட்டு, போல்ட், ஆயில் செலவுக்கான 600 ரூபாயையும் சாவிக்கான 400 ரூபாயையும் நீக்கிவிடச் சொல்லுங்கள்.

எஞ்சின் பாதுகாப்புக்கான 1,000 ரூபாயை மட்டும் நீக்காதீர்கள். மழை எச்சரிக்கை வந்தவுடன் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசைகட்டி நிறுத்துகிற பகுதிக்குப் பக்கத்திலேயே இருக்கிறீர்கள். 2015 வெள்ளத்தையும் 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயலையும் உங்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை. வெள்ளம் சாதாரண காம்ப்ரிஹென்சிவில் அடங்கும்தான். ஆனால் தண்ணீர் புகுந்த வண்டியை ஸ்டார்ட் செய்ததால் எஞ்சின் பூட்டிக்கொண்டால், அதை விளைவுச் சேதம் என்று சொல்லிக் கிளெய்மை மறுத்துவிடுவார்கள். அந்த ஓட்டையை அடைப்பதுதான் இந்தக் கவர். இருந்தாலும், சாவியைத் திருகிப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொண்டு, தண்ணீர் எந்த மட்டம் வரை ஏறியது என்று தெரியும்படி படம் எடுத்து, நிறுவனத்துக்குத் தகவல் சொல்லி, வண்டியைக் கட்டி இழுத்துப் போவதே முறை.

இனி, ஷோரூம், ஏஜென்ட் இருவரும் கேட்கும் தொகையில் இருக்கும் 330 ரூபாய். உரிமையாளர்-ஓட்டுநருக்கான 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு அது. வண்டி யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு, அதுவும் அவரிடம் லைசென்ஸ் இருந்தால்தான் இது செல்லும். உங்கள் மனைவிக்கு லைசென்ஸ் இல்லை. வண்டியோ உங்கள் பெயரில் இல்லை. ஆகவே உங்கள் வீட்டில் ஒருவருக்கும் பயன்படாத வரி இது. மனைவிக்கு லைசென்ஸ் இல்லை என்று எழுதிக்கொடுத்து நீக்கச் சொல்லுங்கள். அதே சமயம், பிறர் வண்டியை வாங்கி ஓட்டுபவர் உரிமையாளரின் இடத்தில் நிற்பதாகவே சட்டம் கருதுவதால், உங்கள் தவறால் நேரும் விபத்தில் ஓட்டுநரான உங்களுக்கும் உரிமையாளரான மனைவிக்கும் கார் பாலிசியில் இழப்பீட்டை எதிர்பார்க்க முடியாது. இருவர் பெயரிலும் தனியாகத் தனிநபர் விபத்துப் பாலிசி எடுத்துவிடுங்கள்; அது பேருந்தில் போனாலும் நடந்து போனாலும் உடன் வரும்.

ஆக, நீங்கள் கேட்க வேண்டியது தேர்ட் பார்ட்டி 3,416, சொந்தச் சேதம் 4,000, எஞ்சின் 1,000, ஜி.எஸ்.டி.யோடு 9,931 ரூபாய். ஷோரூமில் இதற்கு ஒத்துவராவிட்டால் வேறு நிறுவனத்தில் எடுங்கள், என்.சி.பி. உங்கள் மனைவியுடன் அங்கேயும் வரும். கெடு தேதிக்குள் கட்டிவிடுங்கள். ஒரு நாள் தவறினாலும் வண்டியைப் பார்வையிட்ட பிறகே பாலிசி தருவார்கள், 90 நாள் கடந்தால் இத்தனை ஆண்டு சேர்த்த தள்ளுபடி முழுவதும் போய்விடும்.