பாலங்களைக் கனரக லாரிகள் எவ்வாறு பழுதாக்குகின்றன?

எண்ணிக்கையில் கார்களும் இருசக்கர வண்டிகளும்தானே அதிகம், பாலம் பழுதானால் லாரியை மட்டும் குறை சொல்வது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். இங்கே எண்ணிக்கையைவிட, ஓர் அச்சின் வழியாக எத்தனை டன் இறங்குகிறது என்பதே பெரிது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை நடந்த சோதனையிலிருந்து, சாலையின் சேதம் ஏறக்குறைய அச்சு எடையின் நான்காம் அடுக்கில் கூடும், அதாவது எடை இரு மடங்கானால் சேதம் பதினாறு மடங்காகும் என்ற விதி கிடைத்தது. இரும்புப் பாலத்தின் பற்றவைப்புகளில் விழும் விரிசலுக்கு மூன்றாம் அடுக்கைக் கொள்வார்கள். அதன்படி, 20 சதவீதம் ஓவர்லோடு ஏற்றிய லாரி ஒருமுறை கடப்பது, சரியான எடையுள்ள லாரி ஏறத்தாழ 1.7 முறை கடப்பதற்குச் சமம். காரின் பங்கு கணக்கிலேயே வராது. நான்கு டயர் கொண்ட ஒற்றை அச்சுக்கான சட்ட வரம்பையே 2018-இல் மத்திய அரசு 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தியது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

காவிரி டெல்டாவில் வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, அரசலாறு என்று வரிசையாக ஆறுகள், இடையிடையே வாய்க்கால்கள். வாய்க்கால் பாலம் குட்டையானது, அதில் லாரி முழுவதும் ஒரே நேரத்தில் நிற்காது என்பதால், பின் அச்சின் எடையே அதைச் சோதிக்கிறது. நீண்ட ஆற்றுப் பாலத்திலோ மொத்த எடையும், ஒன்றன்பின் ஒன்றாக எத்தனை லாரிகள் நெருங்கி வருகின்றன என்பதும் முக்கியம்.

ஆனால் பாலம் முதலில் கெடும் இடம் பெரும்பாலும் உத்தரம் அன்று, இரண்டு தளங்கள் சேரும் இணைப்பு. அங்குள்ள ரப்பர் கிழிந்து, இரும்பு விளிம்பு ஒரு விரற்கடை தூக்கினாலே போதும், மணல் ஏற்றிய டாரஸ் லாரியின் பின்சக்கரம் ஒவ்வொரு முறையும் அதில் இடித்து இறங்கும். அந்தப் பிளவு வழியே மழைநீரும் சேறும் ஒழுகி, உத்தரத்துக்கும் தூணுக்கும் இடையில் உள்ள தாங்கிகளின் மேல் தேங்க, அவை இறுகி அசைவதை நிறுத்திவிடும். உத்தரத்தின் முனையில் கம்பி துருப்பிடித்துப் பருத்து, காரையைப் பெயர்த்துத் தள்ளும். கோடையில் ஆறு வறண்டிருக்கும்போது கீழே இறங்கி நின்று அண்ணாந்து பார்த்தால், தூணின் தலைப்பில் பழுப்பு நிறத்தில் வழிந்த கறை தெரியும். 1976-இல் திறக்கப்பட்ட திருச்சி காவிரிப் பாலத்தை 2022-இல் மூடி, மறு ஆண்டு திறப்பதற்குள் இந்த இணைப்புகளையும் தாங்கிகளையும்தான் மாற்றினார்கள்.

எல்லாப் பழியையும் எடையின் மேல் போடுவதும் சரியாகாது. 1928-இல் கட்டிய திருச்சி பழைய கொள்ளிடப் பாலம் 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் தூண் சரிந்து இடிந்தபோது, அதில் போக்குவரத்தே நிறுத்தப்பட்டிருந்தது. வெள்ளம் தூணைச் சுற்றி மண்ணை அரித்துவிட்டால் மேலே பாரம் இல்லாமலும் பாலம் விழும்; மணல் அள்ளிப் படுகை தாழ்ந்துபோன இடத்தில் அந்த அரிப்பு அடித்தளத்தை இன்னும் விரைவில் எட்டும். அந்த வகையில் மணல் லாரி பாலத்துக்கு மேலிருந்து ஒரு கெடுதலும் அடியிலிருந்து ஒரு கெடுதலும் செய்கிறது. எடை மேடையில் ஓவர்லோடைப் பிடிப்பது முதற்கெடுதலுக்கு மட்டுமே மருந்து. இரண்டாவதற்கு, பாலத்தின் இருபுறமும் மணல் அள்ளத் தடை செய்த எல்லையை உண்மையாகவே காக்க வேண்டும்.